கீழே ஒரு சொட்டு இல்லை, ரேடியேட்டரில் தண்ணீரும் இல்லை: பழைய அம்பாசடரில் கசிவைத் தேடிப் பிடிப்பது எப்படி?

காலையில் பானட்டைத் தூக்கி ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் தண்ணீர் குறைந்திருக்கிறது. குனிந்து பார்த்தால் தரை காய்ந்து கிடக்கிறது. ஹோஸ்களைத் தடவினால் கையில் ஈரம் இல்லை. ஆயில் குச்சியை உருவினால் ஆயிலும் சுத்தமாக இருக்கிறது. ஊற்றிய தண்ணீர் எங்கேதான் போகிறது?

என் 1977 மார்க் 3 அம்பாசடரோடு இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு ஏழு மாதம் அலைந்தேன். ஒரு பட்டறையில் வாட்டர் பம்பை மாற்றினார்கள். இன்னொரு இடத்தில் ரேடியேட்டரைக் கழற்றி, மேல்தொட்டியைப் பிரித்து, குழாய்களுக்குள் கம்பி விட்டுக் குத்தி, திரும்பப் பற்றவைத்துக் கொடுத்தார்கள். ஹோஸ், கிளிப் எல்லாம் புதிது. அத்தனைக்குப் பிறகும் வாரம் 400 மில்லி தவறாமல் குறைந்தது. காரணம் கையில் சிக்கிய பிறகு யோசித்துப் பார்த்தால், முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அது என்ன கேள்வி என்று கீழே வருகிறது. மற்ற எல்லா வழிகளையும் நான் போய்ப் பார்த்த வரிசையில் இல்லாமல், போயிருக்க வேண்டிய வரிசையில் எழுதுகிறேன்.

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1959-லிருந்து அம்பாசடரில் போட்ட 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், இங்கிலாந்தின் பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. எம்ஜிஏ 1500 என்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே 1489 சிசி இன்ஜின்தான். அதனால் அந்தக் காருக்கான பழைய ஒர்க்‌ஷாப் மேனுவல் கிடைத்தால் விடாதீர்கள், நம் இன்ஜினுக்கும் பெரும்பாலும் பொருந்தும். பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர்களும் கீழே உள்ள வரிசையை அப்படியே பின்பற்றலாம். நட்டுகளின் எண்ணிக்கையும் இடமும்தான் மாறும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். 7 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) மூடி போட்ட சிஸ்டத்தில் தண்ணீர் 111 டிகிரி வரை கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் போய்விடும், அடங்கியிருந்தது மொத்தமும் ஒரே சமயத்தில் கொதித்து முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைக் கையால் பிடிக்க முடிகிற அளவு ஆறியிருந்தால்தான் மூடியில் கை வைக்க வேண்டும். ஈரச்சாக்கைப் போட்டுத் திறப்பது நம் ஊர் வழக்கம். அவசரத்தில் பலர் கையைப் பொசுக்கிக்கொண்டதும் அந்த வழக்கத்தால்தான்.

முதல் படி: ஒரு நோட்டுப் புத்தகம்

கசிவு எப்போது ஆரம்பித்தது? அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் காரில் யார், என்ன வேலை செய்தார்கள்? நான் மேலே சொன்ன கேள்வி இதுதான். பழைய பில்களை எடுத்துத் தேதி வாரியாக எழுதுங்கள். பெல்ட் மாற்றியது, டைனமோ கழற்றியது, வால்வு அட்ஜஸ்ட் செய்தது என்று எதையும் விடாதீர்கள். தண்ணீருக்கும் அந்த வேலைக்கும் சம்பந்தமே இல்லை என்று தோன்றினாலும் எழுதிவையுங்கள்.

அடுத்து அளவு. தினமும் காலையில், இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது, சமதளத்தில் காரை நிறுத்தி, ஒரு மூங்கில் குச்சியை ரேடியேட்டர் கழுத்துக்குள் விட்டு மட்டத்தைக் குறியுங்கள். குறைந்ததை அளவுக்குவளையால் ஊற்றி, எத்தனை மில்லி, முந்தைய நாள் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று எழுதுங்கள். காரை எடுக்காத நாளிலும் தண்ணீர் குறைந்தால், அது குளிர்ந்த நிலையில் வெளியே ஒழுகும் கசிவு. ஓடிய நாளில் மட்டும் குறைந்தால் சூட்டிலோ அழுத்தத்திலோ திறக்கும் கசிவு. மேடு ஏறிய நாளிலும் நாலைந்து பேரை ஏற்றிக்கொண்டு போன நாளிலும் கூடுதலாகக் குறைந்தால் சந்தேகம் ஹெட் கேஸ்கட் பக்கம், அதாவது இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகட்டின் பக்கம், திரும்ப வேண்டும்.

இரண்டாம் படி: உண்மையிலேயே கசிவுதானா?

இது பலரும் தாண்டிப் போய்விடும் இடம். பழைய அம்பாசடரில் இப்போதைய கார்களைப் போலத் தனி ரிசர்வ் டப்பா கிடையாது. கழுத்திலிருந்து ஒரு சிறு குழாய் நேராகத் தரையைப் பார்த்து இறங்கும், அவ்வளவுதான். அதன் வழியாக வெளியே போன தண்ணீர் திரும்பி வராது.

ஏழு லிட்டர் தண்ணீர் 30 டிகிரியிலிருந்து 85 டிகிரிக்குச் சூடானால் ஏறக்குறைய 200 மில்லி விரியும். நீங்கள் ஆசையாகக் கழுத்து வரை தளும்பத் தளும்ப ஊற்றினால் அந்த 200 மில்லி போக இடமில்லாமல் குழாய் வழியே சாலையில் கொட்டிவிடும். மறுநாள் காலையில் ‘குறைந்துவிட்டதே’ என்று மறுபடி நிரப்புவீர்கள், அது மறுபடி கொட்டும். இப்படி இல்லாத கசிவைத் துரத்திக்கொண்டு மாதக்கணக்கில் போனவர்கள் உண்டு. குளிர்ந்த நிலையில் கழுத்துக்குக் கீழே ஒரு அங்குலம் காலியாக விடுங்கள். மட்டம் தானாக ஓரிடத்தில் நின்று அதற்குமேல் குறையவில்லை என்றால் உங்கள் காரில் கோளாறே இல்லை.

குறைந்துகொண்டே போனால், ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்து அந்தச் சிறு குழாயின் நுனியை அதற்குள் விட்டு, ஃபேனில் படாதபடி கம்பியால் கட்டுங்கள். பாட்டிலின் வாயை இறுக்கி அடைக்காதீர்கள். ஒரு வாரம் ஓட்டுங்கள். இந்த ஒரு பாட்டில் பிரச்சினையை இரண்டாகப் பிளந்து கொடுத்துவிடும். குறைந்த அளவு அப்படியே பாட்டிலில் இருந்தால் தண்ணீர் மூடி வழியாகப் போகிறது. பாட்டில் காலியாக இருந்தால் வேறு எங்கோ போகிறது.

மூடி வழியாகப் போனால் முதலில் மூடியையே பாருங்கள். அடிப்பக்க ரப்பர் கெட்டியாகி வெடித்திருக்கிறதா, ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா, நடுவில் உள்ள சின்ன வால்வு விரலால் இழுத்தால் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். கழுத்தின் உள்விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், பள்ளமோ உப்புக் கட்டியோ இருந்தால் எவ்வளவு நல்ல மூடியும் அடைக்காது. இன்னொன்று, பழைய பிரிட்டிஷ் வகை ரேடியேட்டர்களில் கழுத்தின் ஆழம் ஒரே மாதிரி இருக்காது. கடையில் கொடுத்த மூடி மேலே அழகாகப் பூட்டிக்கொள்ளும், ஆனால் அதன் அடி ரப்பர் உள்விளிம்பைத் தொடவே தொடாது. ரப்பரில் கொஞ்சம் சாக்பீஸ் தடவி மூடிப் பாருங்கள். விளிம்பில் முழு வட்டமாகத் தடம் விழ வேண்டும்.

‘அழுத்தம் கூட இருந்தால் நல்லதுதானே’ என்று 13 பிஎஸ்ஐ மூடியைப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். 4, 7 பிஎஸ்ஐக்கு எனப் பற்றவைத்த பித்தளைத் தொட்டி அதைத் தாங்காது. இல்லாத கசிவை நாமே உண்டாக்கியதாகிவிடும். உங்கள் காரின் மேனுவலில் உள்ள எண்ணையே வையுங்கள்.

புது மூடி போட்டும் பாட்டில் நிறைகிறதா? அப்படியென்றால் ஒன்று இன்ஜின் அதிகமாகச் சூடாகிறது, அல்லது எரியும் வாயு தண்ணீருக்குள் புகுந்து அதைத் தள்ளுகிறது. நேராக ஏழாம் படிக்குப் போங்கள்.

மூன்றாம் படி: கழுவு, உலர்த்து, பவுடர் போடு

நாற்பது வருட ஆயிலும் புழுதியும் படிந்த இன்ஜினில் புதுக் கசிவைக் கண்டுபிடிக்க முடியாது. டிஸ்ட்ரிபியூட்டரையும் கார்புரேட்டர் வாயையும் பாலிதீன் பையால் கட்டுங்கள். குளிர்ந்த இன்ஜினில் மண்ணெண்ணெயோ டிகிரீசரோ தொட்டுப் பிரஷ்ஷால் தேய்த்து, மெல்லிய தண்ணீரால் கழுவி, வெயிலில் ஒரு நாள் காய விடுங்கள்.

ஆனால் கழுவுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. டார்ச் அடித்து எல்லா இணைப்புகளையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கழுவினால் அழிந்துபோகும் தடயங்கள்தான் நமக்குத் தேவையானவை. நம்மில் பலர் வருடக்கணக்கில் போர் தண்ணீரை ஊற்றியிருக்கிறோம். அது கசிந்து சூட்டில் ஆவியானால் தண்ணீர் போய்விடும், உப்பு தங்கிவிடும். குடத்தின் அடியில் படிவது போல வெள்ளையாக ஒரு பொருக்கு, அதன் கீழே துருநிறக் கோடு. கூலன்ட் ஊற்றிய வண்டியில் அந்தப் பொருக்கு பச்சையாகவோ நீலமாகவோ பிசுபிசுப்பாக இருக்கும். பொருக்கின் மேல்நுனி எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் கசிவு. கீழ்நுனியைப் பார்த்து ஏமாறக் கூடாது.

காய்ந்ததும் சந்தேகமான இணைப்புகள் மேலெல்லாம் முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரை மெல்லிசாகத் தூவுங்கள். தண்ணீர் ஓடிய இடம் மாவில் விரலால் கோடு இழுத்தது போலத் தெரியும். காருக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து, முன் சக்கரங்கள் நிற்கும் இடத்தைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். காரை எடுத்த பிறகும் எந்தச் சொட்டு இன்ஜினின் எந்தப் பகுதிக்கு நேர் கீழே விழுந்தது என்று அந்தத் தாளே காட்டும்.

நான்காம் படி: மூன்று நேரங்களில் பார்ப்பது

கசிவு எப்போது திறக்கும் என்பது பொருளைப் பொறுத்தது. ரப்பரும் கிளிப்பும் குளிரில் சுருங்கும். விடியற்காலையில் சொட்டி, இன்ஜின் சூடானதும் நின்றுவிடும். விரிசல் விட்ட இரும்பும் ஈயப் பற்றும் சூட்டில்தான் வாயைத் திறக்கும். மூன்றாவது நேரம் இன்ஜினை நிறுத்திய பிறகு வரும் பத்து நிமிடம், இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. ஃபேனும் பம்பும் நின்றுவிட்டதால் இரும்பில் தேங்கிய சூடு முழுவதும் தண்ணீருக்குள் இறங்கும், அழுத்தம் உச்சத்துக்குப் போவது அப்போதுதான். வீட்டுக்கு வந்ததும் பானட்டை மூடிவிட்டு உள்ளே போகாமல், டார்ச்சோடு பத்து நிமிடம் நின்று பாருங்கள். ஹோஸ் வாயில் சின்னச் சின்ன முத்துகள் அரும்புவதையும், மேனிஃபோல்டில் சொட்டு விழுந்து ‘ச்ச்’ என்று பொரியும் சத்தத்தையும் அந்த நேரத்தில்தான் பிடிக்கலாம்.

இன்ஜின் ஓடும்போது பார்த்தால் ஒரு விஷயத்தில் ஜாக்கிரதை. ஃபேன் காற்று முன்னால் கசிந்த தண்ணீரைப் பின்னால் வாரி அடிக்கும். பேட்டரியின் பக்கவாட்டில் ஈரம் இருக்கும், கசிவு வாட்டர் பம்பில் இருக்கும். ஈரமான இடத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

ஐந்தாம் படி: குளிர்ந்த இன்ஜினில் அழுத்தம் கொடுப்பது

இந்த முழு வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ரேடியேட்டர் பிரஷர் டெஸ்டர் என்பது மூடிக்குப் பதில் கழுத்தில் பூட்டும் ஒரு அடாப்டர், அதோடு ஒரு கைப்பம்பும் மீட்டரும். ஆன்லைனில் கிடைக்கிறது, சில ரேடியேட்டர் பட்டறைகளில் வாடகைக்கும் கொடுப்பார்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது தண்ணீரை நிரப்பி, மூடியில் எழுதியிருக்கும் எண் வரை மட்டும் அழுத்தம் ஏற்றுங்கள். அதற்குமேல் ஒரு முறைகூடப் பம்பை அடிக்கக் கூடாது.

இதன் அருமை என்னவென்றால், சூடு இல்லாததால் கசிந்த தண்ணீர் ஆவியாகாது. ஃபேன் ஓடாததால் தெறிக்காது. நீங்கள் நிம்மதியாகத் தலையை உள்ளே விட்டு, பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற ஒரு சின்னக் கண்ணாடியும் டார்ச்சுமாகத் தேடலாம். 15 நிமிடம் முள் அசையாமல் நின்றால் வெளிக்கசிவு இல்லை என்று பெரும்பாலும் நம்பலாம். இறங்கினால் எங்கோ ஈரம் இருந்தே தீர வேண்டும். வெளியே ஈரமே இல்லாமல் முள் மட்டும் இறங்கினால் தண்ணீர் இன்ஜினுக்குள்ளே போகிறது.

பச்சைக் கூலன்ட் ஊற்றியிருக்கிறீர்களா? பலவற்றில் ஃபுளோரசின் என்ற சாயம் இருக்கும், ரூபாய் நோட்டுச் சோதிக்கும் புற ஊதா டார்ச்சை இருட்டில் அடித்தால் பளிச்சென்று ஒளிரும். வெறும் தண்ணீர் ஊற்றும் வண்டிக்கு இதற்கென்றே விற்கும் சாயத்தை வாங்கி ஊற்றிக்கொள்ளலாம்.

ஆறாம் படி: முன்னாலிருந்து பின்னால் வரை

அழுத்தத்தை ஏற்றி வைத்துக்கொண்டு ஒழுங்காக ஒரு வரிசையில் போங்கள்.

ரேடியேட்டரில் பார்க்க வேண்டியது நடுப்பகுதியை அல்ல; குழாய்கள் மேல்தொட்டியிலும் கீழ்த்தொட்டியிலும் சேரும் ஈயப் பற்றையும், சட்டத்தில் போல்ட் பிடித்திருக்கும் ஓரங்களையும்தான். சாலை அதிர்வு பற்றை அங்கேதான் விட வைக்கும். கீழே வடிகுழாய் இருந்தால் அதன் அடியை விரலால் தொட்டுப் பாருங்கள்.

ஹோஸ்களை வெளியே பார்த்து நம்பக் கூடாது. கிளிப்புக்கு இரண்டு பக்கமும் பிதுக்கி மடக்கிப் பாருங்கள், மயிரிழை வெடிப்புகள் மடிப்பில் தெரியும். புது ஹோஸ் போட்டும் ஒழுகினால் குற்றம் ஹோஸில் இல்லை, அது மாட்டியிருக்கும் குழாயின் வாயில் இருக்கும். ஹோஸைக் கழற்றித் துருவையும் பழைய அனாபாண்டு பசையையும் சுரண்டி எமெரியால் வழவழப்பாக்குங்கள். குழி விழுந்திருந்தால் கிளிப்பை எவ்வளவு முறுக்கினாலும் அடங்காது, முறுக்க முறுக்க ரப்பர்தான் அறுபடும்.

வாட்டர் பம்பின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். சீல் போய்விட்டது என்று நமக்குச் சொல்வதற்காகவே வைத்தது அது. அங்கே துருக்கோடு இருந்தால் பம்பு போய்விட்டது. அந்த ஓட்டையை எம்சீல் வைத்து அடைத்திருப்பதைச் சில வண்டிகளில் பார்த்திருக்கிறேன், அப்படி அடைத்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போய் ஒரு நாள் ஃபேன் ரேடியேட்டரைக் கிழித்துவிடும். பெல்ட்டைத் தளர்த்தி ஃபேனை முன்னும் பின்னும், மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் சீக்கிரமே ஒழுகும். பெல்ட்டை வீணைத் தந்தி போல இறுக்குவதுதான் பேரிங்கைக் கொல்வது. நீளமான பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்கினால் போதும்.

இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அது உட்கார்ந்திருக்கும் கூட்டை மூன்று ஸ்டட்கள் (நட்டு போடும் மரைக்கம்பிகள்) பிடித்திருக்கும். துருப்பிடித்த ஸ்டட்டை முரட்டுத்தனமாகத் திருப்பினால் உடையும். அதனால் பல மெக்கானிக்குகள் கழற்றாமலே மேலே பேஸ்ட்டைப் பூசிவிடுவார்கள். ஒரு நாள் முன்னதாகவே துரு இளக்கும் ஆயிலை அடித்து வைத்துப் பொறுமையாகக் கழற்றுங்கள். கூட்டின் அடிப்பாகம் வளைந்திருந்தால் கண்ணாடிப் பலகை மேல் எமெரித் தாளை விரித்துத் தேய்த்தால் சமமாகிவிடும். கழற்றும்போது உள்ளே தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்றும் பாருங்கள். ‘நம் வெயிலுக்கு அது வேண்டாம்’ என்று பிடுங்கி எறிந்த வண்டிகள் ஏராளம். என் அபிப்பிராயத்தில் அது தவறு. இன்ஜின் உரிய சூட்டுக்கு வரவே நேரமாகும், பெட்ரோல் கூடக் குடிக்கும்.

அப்புறம் மறைவிடங்கள். வெப்பமானியின் சென்சார் திருகியிருக்கும் இடம், பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள பித்தளை வடிகுழாய், ஹெட்டின் பின்கோடியில் ஹீட்டருக்கான வாய். நம் ஊர் வண்டிகளில் ஹீட்டர் இல்லாததால் அதை மூடியே வைத்திருப்பார்கள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பிளாக்கில் வட்ட வட்டமாகத் தகடு அடித்திருக்கும் வெல்ச் பிளக்குகளையும் ஒவ்வொன்றாகக் கண்ணாடி பிடித்துப் பாருங்கள். குளிர் நாடுகளில் தண்ணீர் உறைந்தால் வெடிக்காமல் காக்க வைத்தது என்று சொல்வார்கள். உண்மையில் பிளாக்கை வார்க்கும்போது உள்ளே இருக்கும் மணலை வெளியே எடுப்பதற்கான ஓட்டைகள் அவை. உள்பக்கம் சேறு தங்கி உள்ளிருந்தே அரிப்பதால் வெளியே பெயின்ட் நன்றாக இருக்கும்போதே குண்டூசி ஓட்டை விழும். மாற்றும்போது இரும்புக்குப் பதில் பித்தளைப் பிளக் போடுங்கள்.

ஏழாம் படி: தண்ணீர் உள்ளே போகிறதா?

என் காரில் பாட்டில் காலியாக இருந்தது. பவுடரில் ஒரு கோடு விழவில்லை. செய்தித்தாளில் ஆயில் சொட்டு மட்டும். ஆனால் அழுத்தம் ஏற்றியபோது கால் மணி நேரத்தில் 7-லிருந்து 5-க்கு இறங்கியது. ஆக, தண்ணீர் உள்ளே போகிறது. அப்படியானால் சைலன்சரில் வெள்ளைப் புகை வர வேண்டுமே என்று எல்லோரும் கேட்டார்கள், நானும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அது ஏன் தெரியவில்லை என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் அதிலிருந்தே ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகும். வாரம் 120 கிலோமீட்டருக்கு என் வண்டி 13 லிட்டர் குடித்தது. சைலன்சர் வழியாக எப்படியும் 13 லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போகிறது. அதோடு இந்த 400 மில்லியும் சேர்ந்தால் யார் கண்ணுக்குத் தெரியும்? ஊருக்குள் ஆறு மணி நேர ஓட்டத்துக்கு அது மூன்று வினாடிக்கு ஒரு சொட்டுதான். வெள்ளைப் புகை வரவில்லை என்பதால் ஹெட் கேஸ்கட் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

அதேபோல ஆயில் மூடியின் உள்பக்கம் வெண்ணெய் போல ஒட்டியிருந்தால் உடனே பயப்படவும் வேண்டாம். மழைக்காலத்தில் தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டும் காரில் அது வெறும் ஈரக்காற்றால் வரும். ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டினால் மறையும். மறையாமல் ஆயில் மட்டம் ஏறினால், குச்சியில் வருவது காபி நிறத்தில் இருந்தால், ஓட்டுவதை அன்றே நிறுத்துங்கள்.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசை மாறாமல் ஒரு துணியில் வையுங்கள். என்னுடைய 1, 2, 4 பிளக்குகள் வழக்கமான பழுப்பு நிறத்தில் இருந்தன. மூன்றாவது புதுக் கடைச்சரக்கு போல வெள்ளை வெளேரென்று இருந்தது. உள்ளே வரும் தண்ணீர் நீராவியாகிக் கரியைக் கழுவிவிடுகிறது. வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகளில் இவ்வளவு தெளிவாகப் பேசுவது வேறில்லை.

உறுதி செய்ய இரண்டு வழி. ஒன்று, நீலத் திரவச் சோதனை. ரேடியேட்டர் கழுத்தில் வைக்கும் ஒரு குழாயில் நீலத் திரவம் இருக்கும், இன்ஜினை ஓடவிட்டுக் கழுத்துக் காற்றை அதன் வழியே உறிஞ்ச வேண்டும். எரிந்த வாயு தண்ணீரில் கலந்திருந்தால் அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு நீலத்தை மஞ்சளாக்கும். தண்ணீர் மட்டத்தை முதலில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், திரவத்துக்குள் தண்ணீர் ஏறினால் சோதனை வீண். இன்னொன்று எனக்குப் பிடித்தது, செலவில்லாதது. மாலையில் குளிர்ந்த இன்ஜினில் அழுத்தம் ஏற்றி இரவு முழுவதும் அப்படியே விடுங்கள், இடையில் இரண்டு மூன்று முறை பம்பை அடித்துக்கொள்ளுங்கள். காலையில் நான்கு பிளக்குகளையும் கழற்றிவிட்டு, இக்னிஷன் காயில் கம்பியையும் பிடுங்கிவிட்டு, பிளக் ஓட்டைகளுக்கு முன்னால் வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு கைப்பிடி போட்டு இன்ஜினைச் சுற்றச் சொல்லுங்கள். பிளக்கைக் கழற்றாமல் ஸ்டார்ட்டரை அழுத்திவிடாதீர்கள், சிலிண்டரில் தண்ணீர் நின்றால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

என் வண்டியில் மூன்றாவது ஓட்டையிலிருந்து ஒரு கைப்பிடி பச்சைத் தண்ணீர் ‘புஸ்’ஸென்று தாளில் தெறித்தது. ஏழு மாதமாகத் தேடியது அந்தத் தாளில் நனைந்து நின்றது. பக்கத்தில் நின்ற மெக்கானிக் அண்ணன் தாளைப் பார்த்துவிட்டு, “இந்த ஹெட்டை யாராவது கழற்றினாங்களா தம்பி?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அப்ப ராக்கரைத் தொட்டிருக்காங்க” என்றார். ஹெட்டின் மேல் வால்வுகளை அழுத்தித் திறக்கும் நெம்புகோல்கள்தான் ராக்கர்; அவை கோத்திருக்கும் தண்டு ராக்கர் ஷாஃப்ட்.

வீட்டுக்குப் போய்ப் பில்லை எடுத்துப் பார்த்தேன். தண்ணீர் குறைய ஆரம்பிப்பதற்கு மூன்று வாரம் முன்பு ஒரு பட்டறையில் ராக்கர் ஷாஃப்டை மாற்றியிருந்தார்கள்.

ராக்கர் நட்டுகளில் ஒளிந்திருக்கும் விஷயம்

பி-சீரிஸ் இன்ஜினில் ராக்கர் ஷாஃப்டின் தாங்கிகளை எட்டு நட்டுகள் பிடித்திருக்கும். அவற்றில் நான்கு, ஹெட்டைப் பிளாக்கோடு பிடித்திருக்கும் ஸ்டட்களின் மேல் உள்ளவை. ஹெட்டைப் பிடிக்கும் மொத்த நட்டு பதினொன்று, ராக்கர் மூடிக்கு வெளியே தெரிவது ஏழு, உள்ளே இந்த நான்கு. விவரம் தெரியாமல் ராக்கரை மட்டும் கழற்றுகிறவர், ஹெட்டின் ஒரு பக்கத்தை மட்டும் தளர்த்திவிடுகிறார். மற்ற ஏழும் இறுக்கமாக இருப்பதால் ஹெட் கோணி, கேஸ்கட்டின் பிடி விட்டுப்போகிறது. தண்ணீர் சிலிண்டருக்குள்ளோ ஆயில் சம்புக்குள்ளோ இறங்க வழி கிடைக்கிறது. இதற்காகவே பிஎம்சி மேனுவல், முதலில் தண்ணீரை வடித்துவிட்டு, வெளியே உள்ள ஏழு நட்டுகளையும் தளர்த்திய பிறகே ராக்கர் நட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றச் சொல்கிறது. திரும்பப் பூட்டும்போது பதினொன்றையும் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகும் வரிசையில், டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்), இரண்டு மூன்று சுற்றாக இறுக்க வேண்டும். வால்வு இடைவெளியை மட்டும் சரிசெய்வதென்றால் இந்தக் கவலை இல்லை, அதற்கு இந்த நட்டுகளைத் தொட வேண்டியதில்லை.

அம்பாசடர் வைத்திருக்கும் ஒவ்வொருவரும், வண்டியை அடுத்த முறை பட்டறையில் விடும்போது, இதை மெக்கானிக்கிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பழைய ஆட்களுக்குத் தெரியும். அவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

சரி செய்வது

ஹெட்டைக் கழற்றியதும் கேஸ்கட்டை இரண்டு பக்கமும் பாருங்கள். என்னுடையதில் மூன்றாவது சிலிண்டரின் விளிம்பிலிருந்து பக்கத்துத் தண்ணீர் ஓட்டை வரை சிறுவிரல் நக அகலத்தில் துருக்கறை. ஹெட்டை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், நேர்ச்சட்டம் வைத்துக் குறுக்கும் நெடுக்கும் மூலைவிட்டமாகவும் பார்க்கச் சொல்லுங்கள். கோணல் இருந்தால் மட்டும், தேவையான அளவு மட்டும் ஃபேசிங் போட (மேற்பரப்பைச் சீவிச் சமமாக்க) சொல்ல வேண்டும். பிளாக்கின் மேற்பரப்பையும் சுத்தம் செய்து அதே சோதனை. ஸ்டட் மரைகளில் துரு இருந்தால் டார்க் ரெஞ்சு பொய் சொல்லும், பிரஷ் போட்டுச் சுத்தம் செய்து லேசாக ஆயில் தொடுங்கள். புதுக் கேஸ்கட் போட்டு, சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி இறுக்கத்தைச் சரிபார்த்து, அதன்பிறகு வால்வு இடைவெளி. 500 கிலோமீட்டரில் இன்னொரு முறை.

வழியில் மாட்டிக்கொண்டால் ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடுவது லாரி டிரைவர்களிடமிருந்து வந்த பழக்கம். சின்ன ஓட்டையை அது அடைக்கவும் செய்யும். வீடு வந்து சேர்வதற்கு அது போதும். மறுநாளே ரேடியேட்டரைக் கழுவாவிட்டால் அதே தூள் மெல்லிய குழாய்களையும் அடைத்துவிடும். கடையில் விற்கும் கசிவு அடைப்பான் திரவத்துக்கும் இதே கதைதான்.

எல்லாம் முடிந்து புதுத் தண்ணீர் ஊற்றும்போது போர் தண்ணீர் வேண்டாம், டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் கலந்து ஊற்றுங்கள். காரின் முன்பக்கத்தைச் சற்று மேடாக நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்து, மெதுவாக ஊற்றினால் காற்றுக் குமிழி வெளியேறும். எத்திலீன் கிளைக்கால் கலந்த பழைய கூலன்டை வாசலில் கொட்டாதீர்கள். இனிப்பாக இருப்பதால் தெரு நாயும் பூனையும் நக்கும், கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் செத்துவிடும். வடித்ததை மூடியுள்ள கேனில் பிடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

நோட்டுப் புத்தகத்தை இன்னும் ஒரு மாதம் தொடருங்கள். என்னுடையதில் ஹெட் வேலை முடிந்த பிறகு முதல் வாரம் 150 மில்லி என்று இருக்கிறது, உள்ளே தங்கியிருந்த காற்று வெளியேறியதன் கணக்கு அது. இரண்டாம் வாரம் 20. மூன்றாம் வாரத்திலிருந்து குச்சியில் பழைய கீறலிலேயே ஈரம் நிற்கிறது.